லேமினேட் செய்த வெறும் தாள்

அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை. முன்னால் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள். மூலையில் அடையாளத்துக்காக நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. நீலக் கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் நான் எழுதிய பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத்தான் காணோம். தாளைச் சுற்றிப் பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, சம்பளத்தில் மிஞ்சியதைக் கிரிப்டோ என்னும் இணைய நாணயத்தில் போட்டு வந்தேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாது. "இன்டர்நெட்ல சீட்டு மாதிரியா?" என்று அப்பா ஒரு முறை கேட்டார். பெயின்ட் வேலை முடித்து வந்த களைப்பில், என் பதில் முடிவதற்குள் தூங்கிவிட்டார். தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்தபோது, ஃபீஸ் என் பொறுப்பு என்று நான்தான் நிமிர்ந்து நின்று சொன்னேன். புதன்கிழமைக்குள் கட்ட வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை.

அந்தப் பணம் இருந்த ஆப்பை வாலட் என்பார்கள். இத்தனை நாளும் விரலை வைத்துத்தான் திறந்தேன். முந்தின வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் போன் விழுந்தது. டிஸ்பிளே மாற்றிய பிறகு அது என் விரலை ஏற்க மறுத்துப் பாஸ்வேர்டு கேட்டது. யாராலும் ஊகிக்க முடியாதபடி நான் வைத்த பாஸ்வேர்டு. இப்போது என்னாலும் முடியவில்லை.

அதுவரைகூட நான் பயப்படவில்லை. பாஸ்வேர்டு மறந்தால், வாலட் தொடங்கும்போது கொடுத்த பன்னிரண்டு சொற்களை வரிசை மாறாமல் போட்டால் போதும், திறந்துவிடும். ஆனால் யார் போட்டாலும் திறக்கும். அதனால் போட்டோ எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், கையால் எழுதி என் சர்ட்டிபிகேட் ஃபைலில் வைத்திருந்தேன்.

"அம்மா, இத யாரு லேமினேஷன் போட்டது?"

சமையலறையிலிருந்து அம்மா கையைத் துடைத்தபடி வந்தாள். "நான்தான். மழ வர்றதுக்கு முன்னாடி உன் பேப்பரு அத்தனையும் போட்டாந்தேன். ஏன்டா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு மழையில் இரும்புலியூர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறி, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கூழாகிவிட்டது. டூப்ளிகேட் கேட்டு அம்மா என்னோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எழுத்து உள்ள காகிதம் எதுவும் பிளாஸ்டிக் இல்லாமல் இருந்ததில்லை. கரண்ட் பில்லைக்கூட ஒரு தடவை போட்டுவிட்டாள்.

"இதுல எழுதியிருந்ததெல்லாம் எங்கம்மா?"

அம்மா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்துச்சுடா. கட்டுல அடுக்கும்போது நான் பாத்தேன். வரிவரியா இருந்துச்சு. மெஷின்லேந்து வந்தப்போ ஒண்ணும் இல்ல. கடைக்காரன் கிட்ட சொன்னேன். 'வெறும் பேப்பர குடுத்துட்டு எழுத்து கேக்குதே இந்தம்மா'ன்னு சிரிச்சான். அங்க நின்னுகினு இருந்த காலேஜ் புள்ளைங்களும் சிரிச்சிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"படிக்கத் தெரியாதவ, நாமதான் தப்பா பாத்துட்டோம் போலன்னு வுட்டுட்டேன்."

எழுத்து மறைந்ததைவிட இதுதான் என்னை அடித்தது. ஏழெட்டு மாதம் இதே வீட்டில், ஒரே தட்டில் வைத்த இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டு, அவள் இதைத் தன் கண்ணின் குற்றம் என்று நினைத்திருக்கிறாள்.

கடைக்கு ஓடினேன். அம்மா செருப்பைத் தேடுவதற்குள் தெரு முனைக்குப் போய்விட்டேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் சேர்ந்த கடை அது.

"அண்ணா, இதுல எழுத்து இருந்துச்சு."

"உங்கம்மாவும் அதத்தான் சொன்னாங்க. தம்பி, என் மெஷின் எழுத்த தின்னுமா? என்ன பேனால எழுதின?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பின்பக்க ரப்பரால் தேய்த்தால் அழியும் நீலப் பேனா. அப்ளிகேஷன்களில் 'அடித்தல் திருத்தல் கூடாது' என்று போட்டிருப்பார்கள். நான் எழுதியதைச் சரிபார்க்க வீட்டில் யாரும் இல்லை. அதனால் எதையும் முதலில் இந்தப் பேனாவில் எழுதி, நானே நாலு முறை படித்து, பிறகு அதன் மேலேயே பால்பாயின்ட்டை ஓட்டுவேன். இந்தப் பன்னிரண்டு சொற்களுக்கு மட்டும் மேலே ஓட்டாமல் விட்டிருக்கிறேன்.

கடைக்காரர் பேனாவை வாங்கித் துண்டுச் சீட்டில் ஒரு கோடு கிழித்தார். அதன் மேல் தன் டீ கிளாஸை வைத்து எடுத்தார். கோடு இல்லை.

பள்ளியிலிருந்து இந்தப் பேனாவை நம்பியே வந்தவன். தேய்க்கும்போது ரப்பர் அழிக்கவில்லை, தேய்க்கிற சூடுதான் அழிக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா என் தாளைச் சூடான உருளைக்குள் அனுப்பியிருக்கிறாள்.

"ஃப்ரீசர்ல வெச்சுப் பாரு. நல்லா குளிர்ந்தா திரும்பி வரும்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. ரெக்கார்டு நோட்டு இப்படி ஆயி, அதுக்கு வந்துச்சாம்."

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ்கட்டியே அரைகுறையாகத்தான் உறையும். ஞாயிறு காலை வரை வைத்திருந்தும் ஒரு புள்ளிகூட வரவில்லை. அம்மாதான் சொன்னாள்: "பாய் கடை ஐஸ்கிரீம் பெட்டியில கைய வுட்டா வெறச்சுப் போவும். அங்க கேளு."

மளிகைக்கடை பாய் தாளை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெறும் பேப்பருக்கு ஐஸா? இன்ஜினியருங்களுக்கு இப்ப இதான் வேலையா தம்பி?"

"எழுத்து வரும் பாய். ஆனா வந்தா யாரும் படிக்கக் கூடாது."

"அப்ப கடைக்கு வர்ற பசங்களுக்கு நீயே குச்சி ஐஸ் எடுத்துக் குடு. பெட்டி உன்னுது."

பன்னிரண்டு மணி வெயில். பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். நானே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஆனால் வாலட் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதிய மெயில்களுக்குப் பதில் வந்ததா என்று நிமிடத்துக்கொரு முறை போனைப் பார்த்தபடி, மேங்கோ கேட்டவனுக்கு சாக்லேட் எடுத்துக் கொடுத்தேன்.

கூட வந்திருந்த அம்மா முக்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். "நீ போயி ஒக்காரு. நான் காவல் இருக்கேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, உன் ரகசியம் எங்க போவும்?"

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"டேய்! வந்துகினு கீதுடா! எழுத்து வந்துகினு கீது!"

ஓடினேன். பனி படிந்த பிளாஸ்டிக்கை அம்மா முந்தானையால் துடைத்தாள். அடியில் என் கையெழுத்து. முதலில் எண்கள், பிறகு சொற்கள், வெளிறிய நீலத்தில், நான் எழுதிய அதே சாய்வில். ஏழாவது சொல்லின் முதல் எழுத்தை நான் தடித்து எழுதியிருந்தேன். அதுகூட அப்படியே. செத்தவர் எழுந்து உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அம்மா இப்போது கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நான் சரியாத்தான் பாத்திருக்கேன்."

தாளைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் போட்டேன். பன்னிரண்டாவதற்குப் பிறகு வட்டம் சுற்றியது. திறந்தது. புதிய பாஸ்வேர்டு கேட்டது. பணம் முழுவதும் இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் விற்றேன். செவ்வாய்க்கிழமை என் கணக்குக்கு வந்தது, மதியத்துக்குள் தங்கையின் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. தங்கை ரசீதைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அதை மடித்து முந்தானையில் செருகினாள்.

"அந்தத் தாளக் குடு," என்றாள் என்னிடம்.

"எதுக்கும்மா?"

"கடைக்காரனுக்குக் காட்டணும்."

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மறுத்திருப்பேன். இப்போது அந்த வாலட் காலி. அந்தச் சொற்களை யார் படித்தாலும் ஒன்றும் ஆகாது. கொடுத்தேன். கூடவே நடந்தேன்.

கடையில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தார்கள். அம்மா அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய்த் தாளை மேஜை மேல் வைத்தாள். கடைக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வந்துடுச்சாக்கா!"

"இப்ப வந்தது இல்ல. அப்பவே இருந்துச்சு," என்றாள் அம்மா. விரலை முதல் வரியில் வைத்தாள். "படிக்கத்தான் தெரியாது. எண்ணத் தெரியும். எண்ணு, பன்னெண்டு."

அவர் எண்ணினார்.