மைக் அக்காவும் கடுக்காயும்

பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவள் மைக் அக்கா. பயணிகளுக்கு அவள் குரல் உயிர். வீட்டில் புருஷன் மட்டும், "கொஞ்சம் சத்தத்தைக் குறை" என்பான்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று என்று சொன்னது ஆறு என்று கேட்டது. வேலை நேர்காணலுக்குப் போன ஒருவர் மிருகக்காட்சிசாலை வாசலில் போய் இறங்கினார். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, பதிவுசெய்த குரலில் அறிவிக்கும் இயந்திரம் வாங்கப்போவதாகவும், அவள் இனி காணாமல்போன குடைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். குடையோடு பேசியா காலம் தள்ளுவது? வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் இருந்தால்தானே.

மூலிகைக் கடை வைத்திருந்த நாத்தனார்தான் வழி சொன்னாள். சுருங்கிப்போன ஒரு காய்ந்த பழத்தைக் கையில் வைத்து, "அண்ணி, இது கடுக்காய். கொட்டையை எடுத்துட்டு ஒரு துண்டை வாயில அடக்கி வச்சுக்கோங்க. தொண்டைக்கு இதமா இருக்கும்," என்றாள். நாத்தனார் நமக்குக் கடுக்காய் கொடுக்கிறாளோ என்று அக்காவுக்குச் சந்தேகம். அவள் நிஜமாகவே அதைத்தான் கொடுத்தாள்.

கூடவே ஒரு பொட்டலம் கடுக்காய்ப் பொடியும் தந்தாள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் வயிறு எப்போதோ வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தது. அவள் காலையில் கழிவறைக்குள் போனால் புருஷன் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முடித்துவிடுவான். படுக்கப்போகும்போது வெந்நீரில் ஒரு சிட்டிகை போதும் என்றாள் நாத்தனார். சிட்டிகைக்கே இவ்வளவு பலன் என்றால் கரண்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்ட அக்கா, குவித்து அள்ளுவது என்று முடிவெடுத்தாள்.

துண்டை அடக்கி வந்ததில் சில நாளில் குரல் மணி மாதிரி திரும்பியது. அந்த உற்சாகத்தில் அன்று ராத்திரி பொடியையும் குவித்து அள்ளி விழுங்கினாள். பொடிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மறுநாளே வேலையைக் காட்டிவிட்டது. மைக்கைப் பிடித்து, நடைமேடை மூன்றில் நிற்கும் வண்டி என்று ஆரம்பித்தவளுக்கு அடிவயிறு புரண்டது.

"ஐயோ, இதுக்கு மேல நிக்காது," என்று சொல்லிவிட்டு ஓடினாள். மைக்கை அணைக்கவில்லை.

நிலையம் முழுக்க அது ஒலித்தது. மூன்றாம் நடைமேடைப் பயணிகள் மூட்டைமுடிச்சோடு விழுந்தடித்து ஏறினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் கிளாசைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பியதை அன்றுதான் நிலையம் பார்த்தது.

வெளிறிய முகத்தோடு திரும்பிய அக்கா, வேலை போச்சு என்றே மேலாளர் அறைக்குள் நுழைந்து, பொடி விழுங்கிய கதையை ஒப்புக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தினார். இயந்திரம் சொன்னால் எவனும் இப்படி ஓடமாட்டான், நீயே இரு என்றார். பிறகு மேசையைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொடி எங்கம்மா கிடைக்கும்? எனக்கும் ரொம்ப நாளா..."

அக்கா அவர் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கோபம் என்று நினைத்தது கோபமே இல்லை.

"ஒரு சிட்டிகைதான் சார்," என்றாள். "என்னை மாதிரி அள்ளிடாதீங்க."