முக்கால் அங்குலக் குழாய்

மைசூரில் எங்கள் வீட்டைக் கட்டியபோது, கீழேயுள்ள மெயின் போர்டிலிருந்து மாடியறைக்குப் போகும் ஒயர்களுக்காகச் சுவருக்குள் முக்கால் அங்குலக் குழாயைப் பதித்தவர் என் கணவர். தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவர். தன் வீட்டுச் சுவருக்குள் வேறொருவர் கை போவதை அவர் விரும்பவில்லை. அன்று மாடியறைக்குத் தேவைப்பட்டவை ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பிளக். மின்விசிறிகூடப் பாதி வருடம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஊர் இது. பிறகு டிவி வந்தது, இன்வெர்ட்டர் வந்தது, கணினி வந்தது. எல்லாவற்றுக்கும் அதே குழாய் வழியாகத்தான் ஒயர் ஏறியது.

சென்ற கோடையில் எங்கள் மகள் பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். மாடியறை வெந்தது. இரண்டு நாள் அங்கே படுத்துப் பார்த்துவிட்டுத் தலையணையோடு கீழே கூடத்துக்கு இறங்கி வந்துவிட்டாள். அவளுக்காக ஜன்னலில் பொருத்தும் ஏசி ஒன்று வாங்கினோம். அதற்குத் தனியாக மூன்று ஒயர்கள் வேண்டும்: தடித்த இரண்டும், எர்த்துக்கு ஒன்றும்.

"பைப்புல பாதிக்கு மேல காத்துதான் இருக்கணும்" என்று என் கணவர் எத்தனையோ பேருக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மின்சாரம் ஓடும் ஒயர் சூடாகும். அந்தச் சூடு தணிய இடம் வேண்டும். நெருக்கியடித்துக் கிடந்தால் மேலுறை நாளடைவில் இளகிக் கெட்டுவிடும். அதற்கும் முன்னால், இழுக்கும்போதே ஒன்றையொன்று உராய்ந்து தோல் உரிந்துவிடும். புத்தகங்களோடு வாழ்க்கையைக் கழித்த நான் இதையெல்லாம் சாப்பாட்டு நேரங்களில் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவர், ஏற்கெனவே நிறைந்திருந்த குழாய்க்குள் இன்னும் மூன்றை இழுத்துவிடலாம் என்று கிளம்பினார்.

காரணம் எனக்குத் தெரியும். வெளிச்சுவரில் புதுக்குழாய் ஓட்டுவதென்றால் சுவரைத் துளைக்க வேண்டும். கொள்ளேகாலிலிருந்து அவருடைய அக்கா போனில் ஆணையிட்டிருந்தார்.

"வயித்துப் புள்ளக்காரி இருக்கற ஊட்டுல செவுத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது சாமி. போன வாட்டி பட்டது போதாதா?"

போன முறை மகள் எங்களோடு தங்கியிருந்தபோது மாடியறைச் சுவரில் எனக்கொரு புத்தக அலமாரியை என் கணவர் மாட்டித் தந்தார். நாலு துளை, நாலு திருகாணி. அந்த வாரமே அவளுடைய கரு கலைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது என் எண்ணம். அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமைதோறும் என்னோடு சேர்ந்து புத்தகங்களைத் தட்டித் துடைப்பவர், அந்த அலமாரிப் பக்கம் மட்டும் வரவே மாட்டார். முழங்கால் வலி, மாடியேற முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். கீழே அவர்; மாடியில் சுவிட்ச் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நான். குழாய் வழியே இறக்கியிருந்த எஃகுக் கம்பியின் நுனியில் அவர் மூன்று ஒயர்களையும் கட்டித் தள்ள, நான் மேலிருந்து இழுக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் கம்பி என் விரல்களுக்குள் தளர்வதிலும் இறுகுவதிலும் அவர் மூச்சு விடுவதுகூடத் தெரிவதுபோல் இருந்தது.

"விடட்டுமா?"

"விடுங்க."

"வருதா?"

"வருதுங்க... இருங்க, நின்னுடுச்சு."

மின்விசிறி நின்றுபோன கூடத்தில் மகள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். "அப்பா, சிட்டி பஸ் கண்டக்டர் மாதிரியே இருக்கீங்க. இடமே இல்லன்னாலும், 'ஒளகடெ ஹோகி, ஒளகடெ ஹோகி'ன்னு உள்ள தள்ளிட்டே இருக்கீங்க!"

"சும்மா இரு நீ. ஒயரு ஒண்ணும் கால மிதிச்சிட்டான்னு சண்டைக்கு வராது."

ஒயர் வழுக்கிச் செல்ல முகப்பவுடர் தூவுவது வழக்கம். எங்கள் பவுடர் டப்பா தீர்ந்திருந்தது. எட்டிப் பார்க்க நான் படியிறங்கியபோது, அவர் தன் கருவிப் பையின் அடியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கான பவுடர். புத்தம் புதியது. பிறக்கும்வரை குழந்தைக்கென்று ஒரு துணிகூட வாங்குவதில்லை என்று இந்த முறை மூவரும் பேசி முடிவெடுத்திருந்தோம்.

நான் டப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒயருக்குத்தான் வாங்கினேன்" என்றார்.

"ஒயருக்கா? ஒயருக்குத் தொட்டில் எப்ப போடறீங்க?" என்றாள் மகள்.

காதுவரை சிவந்துபோய், பவுடரை உள்ளங்கையில் கொட்டி மூன்று ஒயர்களிலும் பூசினார். வீடெல்லாம் பச்சைக் குழந்தை வாசம். நான் மறுபடி மேலே போய் இழுத்தேன். வளைவு வரை வந்தது. அதன்பின் நகரவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றது கீழேயிருந்து வந்த குரல். அவர் இயல்பு அதுவல்ல. இழுப்பதை நான் நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"எனக்குப் பயமா இருக்குங்க. வெளிய எடுத்துப் பார்த்துடலாம்."

பிறகு கம்பி என் கையிலிருந்து மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்தது.

நான் இறங்கி வந்தபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த சிவப்பு ஒயரின் தோல் ஓரிடத்தில் நீளமாக உரிந்து, உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. அது அப்படியே உள்ளே போயிருந்தால், எங்கள் மகளும் அவள் குழந்தையும் உறங்கப்போகும் அறையின் சுவருக்குள் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்திருக்கும்.

மகள் மெதுவாக எழுந்து வந்து, அவருக்குக் கீழ்ப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெளிச்சுவத்துல போட்டா முடிஞ்சுதே. ஏன்ப்பா இத்தனை கஷ்டம்?"

அவர் மேலே, மாடியறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த புக் ஷெல்ஃபா?"

"நான்தானேம்மா ஓட்டை போட்டேன்" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பாக்கு நீ சொல்லலியா?"

நான் சொல்லியிருக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில், பரிசோதனை அறைக்குள் நாங்கள் இருவரும். வெளியே வராந்தாவில், பெஞ்சில் அவர். மருத்துவர் எங்களிடம் சொன்னதை அவரிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். மகளிடம் தகப்பன் கேட்கக்கூடிய விஷயமும் இல்லை அது.

"அது நீங்க டிரில்லைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சுப்பா. ரெண்டு வாரமா வளர்ச்சியே இல்லன்னு ஸ்கேன்லயே தெரிஞ்சுது. நான்தான் அது தெரியாம சுத்திட்டிருந்தேன்."

"முன்னாடியேவா?"

"முன்னாடியேப்பா."

அவர் அந்தச் சிவப்பு ஒயரை விரல்களால் நீவி நீவி நேராக்கினார். உரிந்த ஒயர் இனி எதற்கும் உதவாது. இருந்தும் நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"அக்கா திட்டும்" என்றார் கடைசியில்.

"அத்தையை நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை, குழாய்க்குள் இருந்த பழைய ஒயர்களில் காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே மெயினைப் போட விட்டார். மறுநாள் சுவரைத் துளைப்பது என்று முடிவாயிற்று. ஆனால் மகள் வீட்டில் இருக்கக்கூடாது, தூசி ஆகாது என்றார். தூசி மட்டுமல்ல என்று எங்களுக்குத் தெரியும். அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நானும் அவளும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்க் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். நீர் குறைவாகத்தான் ஓடியது. கணுக்கால் நனைய அது போதும். அப்போதுதான் கொள்ளேகாலிலிருந்து அழைப்பு வந்தது.

"பேடா அத்தை, கோவிச்சுக்காதீங்க. நான் இப்ப வீட்டுலயே இல்ல, காவேரியில கால் வெச்சிட்டிருக்கேன்" என்றாள் மகள். வேண்டாம் என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள். மறுமுனையில், "தண்ணி சில்லுனு இருக்குதா கண்ணு? ரொம்ப நேரம் உக்காராத" என்று மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது வடக்குச் சுவரில் ஓர் அங்குலக் குழாய் மாடிவரை நேராக ஏறியிருந்தது. அழகென்று சொல்ல முடியாது. "உள்ள மூணே மூணு ஒயர். மீதி பூரா காத்து" என்றார், கையில் சிமெண்டுத் தூசியோடு.

பேத்தி ஆடி மாதத்தில் பிறந்தாள். குளிப்பாட்டி முடித்த ஒரு காலையில் அவர் கருவிப் பையைக் குடைந்து, மூடியில் கறைபடிந்த அந்த டப்பாவை எடுத்து வந்து நீட்டினார்.

"ஒயருக்குப் போக மிச்சம் இருக்கு."

மகள் டப்பாவைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமைகளில் இப்போது அவர் அலமாரியைத் துடைக்க மாடிக்கு வருகிறார். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. குழந்தை உறங்க, ஏசி ஓடும் மதியங்களில் வெளியே போய், வடக்குச் சுவர்க் குழாயின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். மேலிருந்து மற்றொரு ஜன்னல் வழியே நான் கேட்பேன்.

"எப்படிங்க இருக்கு?"

"சூடே இல்ல. தூங்கட்டும்."