பேரும் நட்சத்திரமும் கதவு எண்ணும்

போன வருடம் ஓணம் விடுமுறை முடிந்து வந்த இரண்டாம் சனிக்கிழமை. என் கணவர், மகள், நான் மூன்று பேரும் கல்லாற்றுக்குப் போயிருந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறுகிற வழியில் அடிவாரத்தில் இருக்கிறதே, அந்த ஆறுதான். புளியோதரையை ஒரு பிடி பிடித்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு சுகம்! அந்தச் சுகம் மத்தியானம் இரண்டரை மணி வரைக்கும்தான் நீடித்தது.

திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரகாரத்தில் எங்கள் வீடு. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தருகிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். எங்கள் ஊரில் அப்படித்தான், சொந்தக்காரர்களுக்கு ஒரு மொழி, ஆபீஸ்காரர்களுக்கு ஒரு மொழி. அதோடு எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். வெயிலில் வீடு வீடாக ஓடி அலுத்துப்போய், ரிமோட் ஆக்ஸஸ் சாஃப்ட்வேரை ஆறு வீட்டிலும் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் இருக்கும், கூடவே ஒரு பாஸ்வேர்டு. இரண்டும் தெரிந்தால் போதும், எங்கேயிருந்தும் அந்தக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்க்கலாம், மவுஸை நகர்த்தலாம். என் கம்ப்யூட்டரிலும் அது உண்டு. வெளியே போகும்போது அதை அணைக்காமல் விட்டுவிட்டுப் போவேன், போனிலிருந்தே வேலை பார்க்கலாமே என்று.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் என்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் மறந்துவிடக் கூடாதல்லவா? அதனால் எல்லார் வீட்டுக்கும் ஒரே வாய்பாடு வைத்தேன். அவரவர் பேர், அவரவர் ஜன்ம நட்சத்திரம், கடைசியில் வீட்டுக் கதவு எண். எனக்கும் அதுவேதான்.

அந்தச் சனிக்கிழமை எதிர்வீட்டு மாமியின் பெண்ணுடைய கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நாள். சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அச்சகத்தில், மூன்று மணிக்கு ஃபைல் வந்தால் அன்றே ஓட்டுகிறேன், தவறினால் அடுத்த வாரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாமிக்கோ திங்கட்கிழமை பத்திரிகையோடு திருநெல்வேலிக்கு ரயில் ஏறவேண்டும். வெள்ளிக்கிழமையே மாமிக்கு மாதிரியை அனுப்பி, “திருத்தம் இருந்தா நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள கூப்பிடுங்கோ, மூணு மணிக்கு மெயில் தானாவே அச்சகத்துக்குப் போயிடும்” என்று சொல்லிவிட்டு, மெயில் மூன்று மணிக்குத் தானாகவே போகும்படி வைத்துவிட்டுக் கிளம்பினேன். கல்லாற்றில் என் போனுக்கு ஒரு புள்ளி சிக்னல்கூடக் கிடைக்காது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

மெயில் கிளம்பத் தயாராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே என்று இரண்டரைக்குத்தான் சுரீர் என்று ஞாபகம் வந்தது. ஈரக்காலோடு ரோட்டோரத்து டீக்கடைக்கு ஓடினேன். “சேட்டா, வைஃபை உண்டோ?” என்றேன். “அதினெந்தா சேச்சி, எடுத்தோளூ” என்று, அதற்கென்ன எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல், சுவரைக் காட்டினார். பாஸ்வேர்டைக் கரியாலேயே பெரிதாக எழுதிவைத்திருந்தார். ‘இப்படியா ஊருக்கே தெரிகிற மாதிரி வைப்பது!’ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் கொழுப்பு அப்படி.

வைஃபை கிடைத்ததும் டிங் டிங் என்று வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. திரையை மறைக்கிறதே என்று அத்தனையையும் விரலால் தள்ளிவிட்டு, என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். மெயில் திறந்துகிடந்தது. நான் திறந்து வைத்துவிட்டு வரவில்லையே என்று யோசிக்கும்போதே மவுஸ் தானாக நகர்ந்தது.

நான் போன் திரையைத் தொடக்கூட இல்லை. மவுஸின் அம்பு மெதுவாக ஊர்ந்து போய், மூன்று மணிக்குப் போகவேண்டிய மெயிலைப் பிடித்து ரத்து செய்தது. “ஐயோ! யாரோ உள்ள புகுந்துட்டான்!” என்று நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். என் கணவரும் மகளும் ஓடிவந்தார்கள். எத்தனை குடும்பங்களின் விலாசம், போன் நம்பர், பெண் பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதற்குள் இருக்கின்றன! எல்லாரும் என்னை நம்பிக் கொடுத்தது.

எது போனாலும் சரி, மாமியின் பத்திரிகையையாவது காப்பாற்றிவிடுவோம் என்று, மெயிலை உடனே அனுப்பப் பார்த்தேன். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோனால் அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகிறான். நான் மறுபடி கொண்டுவர, அவன் மறுபடி இழுக்க, மூன்று தடவை இந்த மல்யுத்தம். “அட படுபாவி, நீ உருப்படுவியா?” என்று போனைப் பார்த்துத் திட்டினேன். நாலாவது தடவை அவன் மெயிலையே மூடிவிட்டு, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டத் தொடங்கினான்.

“அடியே அனுப்பாதே. நான்தான் எதிராத்து மாமி. போனை எடு.”

தள்ளிவிட்ட செய்திகளை அப்புறம்தான் பார்த்தேன். பன்னிரண்டு செய்தி, அத்தனையும் மாமியிடமிருந்து. வைஃபையிலேயே கூப்பிட்டேன்.

“கிழமை தப்புடி! தமிழ்ப் பக்கத்துல வியாழன்னு போட்டிருக்கே. மலையாளத்துல சரியா வெள்ளின்னு இருக்கு” என்றார் மாமி, மூச்சு விடாமல். “மலையாளத்துக்காரா எல்லாம் வெள்ளிக்கிழமை வந்து பாயசம் சாப்பிடுவா, நம்ம மனுஷா மட்டும் வியாழக்கிழமை வந்து பூட்டின மண்டபத்தைப் பாத்துட்டுப் போகணுமா? மனசிலாச்சோ?”

எனக்கு முகம் சுண்டிப்போனது. எப்போதும் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து அதன்மேல் பேரையும் தேதியையும் மாற்றுவதுதான் என் வழக்கம். முந்தைய கல்யாணம் வியாழக்கிழமை. தேதியை மாற்றியவள் கிழமையை மாற்றவில்லை. மாமியும் முந்தின நாள் பேர்களை மட்டும் சரிபார்த்திருக்கிறார். மாதிரியை ஒரு பிரதி எடுத்து, பிள்ளையார் முன்னால் வைத்து, வழக்கப்படி வாய்விட்டு வாசித்தபோதுதான் கிழமை இடித்திருக்கிறது. அச்சகம் எதுவென்று மாமிக்குத் தெரியாது. எங்கள் வீடு பூட்டு. என் போன் கிடைக்கவில்லை.

பேச நேரமில்லை. மணி இரண்டு ஐம்பது. நான் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வியாழனை அழித்து வெள்ளியைப் போட்டேன். மாமி வீட்டிலிருந்து தன் பெரிய திரையில் பார்த்தபடி ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தார். மண்டபம் சரி. முகூர்த்தம் சரி. கிழமை சரி. “அனுப்புடி!” என்றார். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மெயில் போய்ச்சேர்ந்தது. நான் சந்தோஷத்தில் ‘ஓ’வென்று கத்த, என் மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதிக்க, விஷயம் புரியாத டீக்கடைக்காரர் எங்களுக்கு ஆளுக்கொரு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் கேட்டேன், “மாமி, உங்களுக்கு என் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?”

“இதென்ன பெரிய ரகசியமா? கத்துக்கொடுக்கறேன்னு நீதானே ஒருநாள் உன் நம்பரை என் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினே, அது அங்கேயே இருக்கு. எனக்குப் பேரும் நட்சத்திரமும் கதவு நம்பரும் வச்சுத் தந்தவ, உனக்கு மட்டும் வேறயா வச்சிருக்கப் போறே? மாசாமாசம் கோவில்ல அர்ச்சனைப் பிரசாதம் தரச்சே உன் பேரையும் பூராடத்தையும் சேர்த்துத் தெருவே கேக்கறாப்புலன்னா கூப்பிடறா! கதவு நம்பர்தான் என் ஜன்னலுக்கு நேரா தெரியறதே. முதல் தடவையிலேயே திறந்துடுத்து.”

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு மூலையில் பக்கென்றது. மாமிக்குத் திறந்த கதவு வேறு யாருக்கு வேண்டுமானாலும் திறந்திருக்கும். டீக்கடைக்காரர் சுவரில் எழுதினார், நான் என் வாசல் கதவிலேயே எழுதிவைத்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. ஆறு வீட்டுக்கும் போய், ஜாதகத்தில் இல்லாத, யாராலும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு வைக்கச் சொன்னேன். அவர்கள் தட்டும்போது நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். அதோடு போனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும் எண்ணையும் கேட்கும்படி செய்தேன். வேலை இல்லாத நேரத்தில் அந்த சாஃப்ட்வேரை மூடிவைக்கச் சொன்னேன். “இத்தனை பூட்டா? என் நகைப் பெட்டிக்கே இவ்வளவு இல்லையேடி” என்று ஒரு மாமி அலுத்துக்கொண்டார். என்னுடையதில் எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் நுழையாதபடி அடைத்துவிட்டு, என் போன் போக ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். அது எதிர்வீட்டு மாமியுடையது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை ஜாம்ஜாமென்று நடந்தது. மண்டபத்தில் இலை போட இடமில்லை. மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும், “இவாத்துக்குள்ள நான் திருட்டுத்தனமா புகுந்ததாலதான் நீங்கள்ளாம் இன்னிக்கு வந்திருக்கேள்!” என்று பெருமையாக அறிமுகம் செய்தார். நான் வெட்கத்தில் நெளிந்தேன். பாயசம் மட்டும் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் மாசாமாசம் கோவிலில் என் பேரையும் பூராடத்தையும் உரக்கக் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்கிற மாமி முழங்கையால் என்னை இடிப்பார். பிரசாதத்தைக் கையில் வாங்கியபடி நான் நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு என் வீடு யாருக்கு வேண்டுமானாலும் திறக்கிற மாதிரிதான் கிடந்தது, ஆனாலும் உள்ளே வந்தது எனக்கு வேண்டியவராக இருந்தது என் பாக்கியம், அந்தப் பாக்கியத்தை இனி ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்க மாட்டேன்.