வெள்ளைச்சாமியின் கறுப்புக் குஞ்சு

கீழப்பழுவூரில் ஒழுக்கம் என்றால் என்னவென்று யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமியைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வார். வாசலில் கூண்டு வைத்துப் புறா வளர்ப்பவர். "புறா ஒருதடவ ஜோடி சேந்தா சேந்ததுதாங்க. மனுசன் மாதிரி கெடையாது" என்பார். கல்யாணத்தில் மைக் கிடைத்துவிட்டால் பந்தியில் சோறு ஆறிப்போகும்.

அவர் மகன் பிரேம்குமார், கணவனை இழந்த தேவயானியைக் கட்டிக்கொண்டு வந்தான். கூடவே அவளுடைய மூன்று வயது மகள் கவியா. மருமகளை ஒருவழியாக ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர், குழந்தையிடம் மட்டும் முகம் கொடுக்க மாட்டார். "நம்ம ரத்தம் இல்லியே" என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. "பாப்பாவ பேத்தின்னு சொல்லாத வூட்ல நாங்க இருக்க மாட்டோம்" என்று பிரேம்குமார் அரியலூரில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டான்.

இதற்கிடையில் அவருடைய பத்தினி வெள்ளைப் புறா இரண்டு குஞ்சு பொரித்தது. இறகு முளைத்ததும் பார்த்தால் ஒன்று வெள்ளை, இன்னொன்று கன்னங்கரேல். எதிர்வீட்டு மாடியில் கறுப்பு ஆண் புறா ஒன்று உண்டு என்பது தெருவுக்கே தெரியும். அவருடைய வெள்ளை ஆண் புறாவோ எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் இரண்டுக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது.

மகன் குடும்பம் அரியலூருக்குக் கிளம்பிப் பெட்டியோடு வாசலுக்கு வந்த அன்று, ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர் புறா வாங்க வந்திருந்தார். கூண்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்பு யாருதுங்க?" என்றார்.

"எங்க கூட்டுல வளந்தா எங்க குஞ்சுதாங்க! அப்பன் எப்புடி ஊட்டுறான் பாருங்க" என்றார் வெள்ளைச்சாமி, கொஞ்சமும் கூசாமல்.

தேவயானி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். "மாமா, அதையே இவளுக்கும் ஒருதடவ சொல்லிடுங்க. பெட்டிய உள்ள எடுத்து வச்சிடுறோம்."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சொல்லுமய்யா, ஒரு வார்த்தைதானே என்று கத்தலாம் போலிருந்தது. அவர் குனிந்து கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தார். பிரேம்குமார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

"உங்க பேத்திங்களா?" என்று கேட்டார் வந்தவர்.

"மருமவளோட புள்ள."

வந்தவர் கறுப்புக் குஞ்சுக்கு விலை கேட்டார். வெள்ளைச்சாமி தர முடியாது என்று சொல்லிவிட்டார். குடும்பத்தைப் பிரிப்பது பாவமாம்.