பின்னிருக்கை

ஹாலிஸ் டேக்கெட்டும் அவன் மனைவி நோரீனும் ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தது ஒரே மோட்டார் சைக்கிளில். வழிநெடுக அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு காதோரம் பாடிக்கொண்டே வந்தாள் அவள். சான் பெர்னார்டினோவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை பிடித்ததும், முதல் வேலையாக அந்த வண்டியைத்தான் அறுத்தான். முன்பக்கத்தை நீட்டினான், சட்டத்தைத் தாழ்த்தினான், பின்னிருக்கையைக் கழற்றி எறிந்தான். இப்படி அறுத்து நீட்டிய வண்டிக்கு அங்கே சாப்பர் என்று பெயர்; 'டேக்கெட் சாப்பர்ஸ்' கம்பெனி பிறந்தது அப்படித்தான்.

"நான் எங்க உட்காருறது?" என்றாள் நோரீன்.

"இந்த வளைவைப் பாரு. டேங்க்ல ஆரம்பிச்சு அப்படியே வழுக்கிட்டுப் போயி டயர்ல இறங்குது. அங்க ஒரு மெத்தைய வச்சா, பந்தயக் குதிரை மேல மூட்டை ஏத்துன மாதிரி இருக்கும்."

"அப்ப நான் மூட்டையா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்று எதை வேண்டுமானாலும் கொடுப்பான்.

அந்த வண்டி ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிறகென்ன, வாசலில் கூட்டம். டேக்கெட் வண்டியில் ஒருத்தருக்குத்தான் இடம் என்பதே பெருமையாகிப்போனது. வேறு எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பான். பின்னிருக்கை கேட்டால் மட்டும், "அப்ப பஸ் வாங்கிக்கோய்யா" என்று துரத்துவான். ஆகஸ்ட்தோறும் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு அவன் முன்னால் பறப்பான். நோரீன் சாண்ட்விச்சும் உதிரி பாகங்களும் ஏற்றிய பிக்கப் டிரக்கை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவாள். வருஷம் ஒருமுறையாவது சீட்டைப் பற்றிக் கேட்டுவந்தவள், ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. கொழுப்பு, வேறென்ன!

வருஷங்கள் ஓடின, ஊர் ரசனை மாறியது. பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கொட்டகையும் கைமாறும் நிலை வந்தபோது, மிச்சமிருந்த குழாய்களை வைத்துக் கடைசியாக ஒரு வண்டி கட்டினான் ஹாலிஸ். நோரீனுக்குப் பிடித்த சிவப்பு. பின்னால் அகலமான மெத்தை, முதுகுக்குச் சாய்வு. அவளை அழைத்துவந்து, மூடியிருந்த துணியை விலக்கினான்.

"ஏறு, நோரீன்!"

அவள் கைத்தடியை ஊன்றியபடி வண்டியைச் சுற்றிவந்தாள். "எப்படிடா ஏறுவேன்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வசந்தத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். இனிமேல் காலை அகட்டி எதன்மேலும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். புத்தி பட்டறையில் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"வளைவு ஒண்ணும் கெட்டுப்போகலையே, ஹாலிஸ்."

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"இந்த சீட்டை மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "ஒரு மத்தியானம்."

நோரீன் மெத்தையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல பிக்கப்பை நோக்கி நடந்தாள்.

"கிளப்பு," என்றாள். "நான் எப்பவும்போல பின்னால வரேன்."