ஆம்புலன்ஸை யாரும் ஓட்டவில்லை

கொல்லிமலை ஆம்புலன்ஸில் நான் மருத்துவ உதவியாளர். எங்கள் துறையில் டிரைவரைப் பைலட் என்போம். எங்கள் பைலட் முருகேசன் மலைச்சாலையின் எழுபது வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டே இறக்குவார். அன்று காலை பாட்டு பாதியில் நின்றது. ஜன்னல் வழியாக வந்த குளவிகள் இரண்டு இமையிலும் கொட்டிவிட்டன. வண்டியை ஓரங்கட்டியதே பெரிய காரியம். சற்று நேரத்தில் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன.

உள்ளே செல்வி பிரசவ வலியில் இருந்தாள். மலைமேல் இருக்கும் திருப்புலி நாடு என்ற ஊர்க்காரி. வயிற்றில் குழந்தை தலை மேலாக, கால் கீழாக இருந்தது. வழியில் பிரசவம் ஆனால் ஆபத்து; நாமக்கல்லில் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது.

அவள் கணவர் ராசு இறங்கி ஓடி வந்தார். "நான் ஓட்டறேனுங்க சிஸ்டர். டிராக்டர் ஓட்டுவேனுங்க."

"இந்த வண்டிக்கு லைசென்ஸ் இருக்குங்களா?"

"அவசரத்துக்கு எதுக்குங்க லைசென்சு?"

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவசரமென்றால் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டிப் போகலாம். ஆனால் அந்த வண்டிக்கான லைசென்ஸ் இல்லாதவரை ஸ்டியரிங்கில் உட்கார வைக்க முடியாது. வண்டி கவிழ்ந்தால் எல்லா உயிரும் போகும்.

நான் விளக்குவதற்குள் உள்ளேயிருந்து செல்வி கத்தினாள். "சிஸ்டர், அவரை உடாதீங்க! ஊட்டு வாசல்லயே டிராக்டரைக் கவுத்த மனுசன்!"

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் உறுதியாகச் சொன்னார்: "நம்ம பைலட் தவிர வேற யாரும் ஓட்டக்கூடாதும்மா. வேற வண்டி அனுப்பறேன்." அது மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகும். செல்விக்கோ வலி நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்போது மேலிருந்து சேந்தமங்கலம் போகும் பஸ் வந்தது. டிரைவர் காதர் பாய் எட்டிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்க வண்டியை நான் ஓட்டக்கூடாது, சரிங்க சிஸ்டர். நீங்க என் வண்டியில ஏறலாமில்லீங்க?"

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! வந்துகொண்டிருந்த இரண்டாவது வண்டியின் பைலட்டுக்கே போன் செய்து அடிவாரத்திலேயே நிற்கச் சொன்னேன்.

கடைசி சீட் நீளமானதுதான், ஆனால் வளைவில் தூக்கிப் போடும். அதனால் முன்பக்கச் சீட்டில் செல்வியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மிளகு மூட்டைகளை ஆளுக்கொன்றாக மடியில் தூக்கி வைத்துப் பயணிகள் இடம் விட்டார்கள். முருகேசன் ஈரத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, "பாய், அடுத்த வளைவுல ஒரு பள்ளம் இருக்குங்க, பார்த்து" என்று மனக்கணக்கில் வழி சொன்னார். பஸ்ஸில் சைரன் வைக்கக் கூடாது, விசிலுக்குத் தடையில்லை. கண்டக்டர் அடிவாரம் வரை ஊதினார். எதிரே வந்த லாரிகளெல்லாம் ஒதுங்கின.

"பயப்படாதே சாமி, ஓடறது நம்ம பஸ்ஸு" என்று ஓர் அம்மா செல்வியின் தலையைத் தடவினார். அடிவாரத்தில் வண்டி மாற்றி நாமக்கல் போனோம். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் வராந்தா வரை கேட்டது. ராசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

மாலையில் சூப்பர்வைசர் பதற்றமாகப் போன் செய்தார். "மலையில நம்ம வண்டியை யாரும்மா ஓட்டினது?"

"யாரும் ஓட்டலீங்க சார். வண்டி அங்கேயே நிக்குது."

"அப்ப பேஷண்ட்?"

"பஸ்ல வந்தாங்க சார்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டம் ஒரு வழியை அடைத்தால் அதனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ரோட்டில் வேறு என்ன வருகிறது என்று பாருங்கள்.