சைலன்சர் இல்லாத வண்டி

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக அடித்து அனுப்பியது ஒரே சாமான். சைலன்சர் கிளாம்ப். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை. ஓசூரிலிருந்து புறப்படும் வண்டிகளில் எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் எங்கள் பட்டை இருக்கிறது. யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஓசூர் ஜூஜுவாடியில் கர்நாடக எல்லை ரோட்டை ஒட்டி உள்ளே போனால் எங்கள் ஷெட். நானும் என் மச்சினனும் கூட்டாளிகள். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. மெஷின், தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான டை, ஆள், ஷிப்ட் எல்லாம் என் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது, கம்பெனிக்காரர்களிடம் இளிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எனக்கு இளிக்க வராது. கோபம்தான் வரும்.

மின்சார ஸ்கூட்டர் ரோட்டில் கண்ணில் பட ஆரம்பித்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. "மாமா, கரண்ட் வண்டிக்குச் சைலன்சரே கெடையாது. நம்ம சாமானை எங்க மாட்டுவான்?" என்று தினம் ஒரு தடவை கேட்பான். "பெட்ரோல் வண்டி என் ஆயுசுக்கு ஓடும், போய் வேலையைப் பாரு" என்பேன். "ஆழம் தெரியாம காலை விடாதே" என்று நான் சொன்னால், "கால வுட்டாத்தானே மாமா ஆழம் தெரியும்" என்று திருப்புவான். வாய் அப்படி.

அவன்தான் ஒரு ஸ்கூட்டர் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பேட்டரியைத் தாங்கும் பிராக்கெட் வேண்டுமாம். எங்களிடம் இருந்த பிரஸ் எதுவும் அதற்கான தகட்டின் தடிமனைத் தாங்காது. பெரிய பிரஸ் வாங்க வேண்டும், அதற்குப் பேங்க் லோன் வேண்டும், லோனுக்கு ஈடாக மத்தூரில் என் மனைவிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த மனையை வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு துண்டு நிலம். ஓசூரில் இன்னும் வாடகை வீடுதான். போனால் போனதுதான்.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேரும் சேர்ந்து சரின்னா கையெழுத்துப் போடறேன். ஒருத்தர் சரி, ஒருத்தர் வேணாம்னா பேனாவைத் தொட மாட்டேன்."

அவன் சரி என்றான். நான் வேண்டாம் என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். வருகிறவரை வராதே என்று சொல்ல முடியுமா? வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலை பேசும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்களுக்கு என்ன, இந்த எல்லைப் பக்கத்தில் தொழில் செய்கிற முக்கால்வாசிப் பேருக்கும் உண்டு. எதிரே இருப்பவருக்குத் தெரியாத மொழிக்குத் தாவிவிடுவோம். வந்தவர் தமிழர் என்றால் கன்னடம். கன்னடக்காரர் என்றால் தெலுங்கு. அவர் முகத்துக்கு முன்னாலேயே, சிரித்த முகம் மாறாமல், "இதுக்கு மேல எறங்காதே", "இவன் அவசரத்துல இருக்கான், பிடிச்சு இழு" என்றெல்லாம் பேசிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து தெருவில் மூன்று மொழியும் கேட்டு வளர்ந்த திமிர்.

வந்தவர் நல்ல உயரம், நரைத்த மீசை. எங்களிடம் ஆங்கிலத்தில் பேசினார், போனில் இந்தியில் பேசினார். வடக்கத்திக்காரர் என்று நானும் அவனும் கண்ணாலேயே முடிவு கட்டிவிட்டோம். பெங்களூரிலிருந்து வருகிறவர் காதில் தமிழும் கன்னடமும் கொஞ்சம் விழுந்திருக்கும், எதற்கு வம்பு என்று தெலுங்கை எடுத்துக்கொண்டோம்.

ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். டையைத் தொட்டுப் பார்த்தார். போண்டாவை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். பிறகு உட்கார்ந்து, "மூன்று மாதத்தில் முதல் லாட் தர முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் புன்னகையோடு மச்சினனைப் பார்த்து, "மூடு நெலலா? குதரது" என்றேன். மூன்று மாதமா, நடக்காது என்று அர்த்தம். "பிரஸ் வந்து எறங்கவே மூணு மாசம் ஆகும். டை அடிக்கணும், ட்ரையல் பாக்கணும், ஆளைப் பழக்கணும். ஏழு மாசத்துக்கு ஒரு நாள் கொறஞ்சாலும் சாமான் வெடிச்சுக்கிட்டு நிக்கும்" என்று முழுக்கத் தெலுங்கில் சொன்னேன்.

அவனும் சிரித்துக்கொண்டே, "இப்போதைக்கு முடியும்னு சொல்லிடலாம் மாமா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான், அதே தெலுங்கில்.

வந்தவர் டீயைக் கீழே வைத்தார். "ஏடு நெலலா? சரே" என்றார். ஏழு மாதமா, சரி.

ஐயையோ, அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் இரண்டு பேரும் வரிசையில் நின்று உள்ளே இறங்கியிருப்போம். என் மச்சினன் முகம் வெளுத்து, உதட்டில் அந்தச் சிரிப்பு மட்டும் எடுக்க மறந்தபடி நின்றது. அவர் மாமியார் வீடு ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊராம். மாமியாரும் மனைவியும் அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தெலுங்கு வந்துவிட்டதாம். இப்போதுவரை அவர்களுக்கே அது தெரியாதாம். அதைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டுத் தெலுங்கிலேயே சொன்னார்: "உங்களுக்கு முன்னால நாலு ஷெட் பார்த்தேன். நாலு பேரும் மூணு மாசம்னாங்க. அவங்க தனியா எந்த மொழியில ஏழு மாசம்னு பேசிக்கிட்டாங்களோ, யார் கண்டா. நான் ஏழு மாசத்துக்குப் பிளான் போட்டுக்கறேன். திங்கக்கெழமைக்குள்ள சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

கார் எல்லை ரோட்டில் ஏறி லாரிகளுக்குள் மறைந்தது. நானோ ஆர்டரைத் தட்டிக்கழிக்கத்தான் மச்சினனிடம் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையே ஆர்டரை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டது.

இனி மச்சினன் என்னைப் பிய்த்து எடுப்பான் என்று காத்திருந்தேன். அவனோ கம்பெனி பேச்சை எடுத்தாலே லோடு ஏற்றுகிற பக்கம் நழுவினான். வழக்கமாகப் பாத்ரூமுக்குப் போனால்கூடப் பின்னாலேயே வந்து நச்சரிக்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே ஒழிய வாய்க்குள் போகவில்லை. "என்னடா ஆச்சு?" என்று அவன் அக்கா கேட்டதும் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "வேணாம்னு சொல்லிடலாம்க்கா."

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டா, கரண்ட் வண்டி கரண்ட் வண்டின்னு வருஷக்கணக்கா என் காதுல ரத்தம் வர வெச்சியே, அதெல்லாம் என்னாடா?"

"நீங்க எப்படியும் வேணாம்னு சொல்லுவீங்க மாமா" என்றான். "அந்தத் தைரியத்துலதான் நான் சரி சரின்னு குதிச்சேன். இப்ப நெஜமாவே வந்துடுச்சு. ராத்திரி பூரா அக்காவோட மனைதான் கண்ணு முன்னால நிக்குது. எனக்குப் பயமா இருக்குது."

அட பாவி என்று கத்த வாயைத் திறந்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு காலம் இவன்தான் துணிச்சல்காரன், நான் பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொல்லிற்று. நானும் அதையே நம்பியிருந்தேன்.

"அப்ப விடு, ரெண்டு பேரும் வேணாம்னு ஆயிடுச்சு. நிம்மதி" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "ஏங்க, செய்யப் போறதே இல்லைன்னா ஏழு மாசம்னு எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா?"

"பிரஸ்ஸுக்கு இத்தனை மாசம், டைக்கு இத்தனை மாசம்னு அந்த ஆள் முன்னால நின்ன நெலையில சொன்னீங்களாமே. இவன்தான் சொன்னான். வேணாம்ங்கறவர் எதுக்கு அதையெல்லாம் மனசுல போட்டு வெச்சிருந்தீங்க?"

உண்மைதான். ஷெட்டில் பிரஸ்ஸை எந்த மூலையில் இறக்குவது, கிரேன் உள்ளே வர எந்தத் தகரத்தைக் கழற்றுவது, ராத்திரி ஷிப்டுக்கு யாரைப் போடுவது, எல்லாம் எனக்குத் தெரியும். வாயால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலைக்குள் அந்த மெஷினை இறக்கி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் நச்சரிப்பான் என்கிற தைரியத்தில் நான் மறுத்தேன். நான் மறுப்பேன் என்கிற தைரியத்தில் அவன் நச்சரித்தான். இரண்டு பேரில் ஒருவர்கூட இத்தனை காலத்தில் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை.

"செய்யலாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்க சரின்னா எனக்கும் சரி மாமா" என்று மச்சினன் உடனே சொன்னான்.

"அந்தக் கதையே வேணாம்" என்றாள் அவன் அக்கா. "மாமா சொன்னாருன்னு சொல்லாதே. நாளைக்கு மனை போச்சுன்னா நீ அவரைச் சொல்லுவே, அவர் உன்னைச் சொல்லுவாரு. நீயா யோசிச்சுச் சொல்லு. இல்லைன்னா வேணாம்."

அவன் கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் பக்கம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ் ஒன்று ஷிப்ட் ஆட்களோடு போயிற்று. நாங்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உள்ளே வந்தான்.

"சரிக்கா. செய்யறோம்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் தலையாட்டிவிட்டு பீரோவிலிருந்து மனைப் பத்திரத்தை எடுக்க உள்ளே போனாள். நாங்கள் இருவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் கேட்டான்:

"மாமா, இனிமே நம்மள வேணாம்னு தடுக்கறதுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல மாப்ள" என்றேன்.